பேரிங் பாட்டு

சின்னவன் மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது ஒரு பக்கம். திரும்பிப் போய்விடலாமா என்று கால் கேட்டது இன்னொரு பக்கம். ஐம்பத்திரண்டு வயது ஆளைச் சின்னவன் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். வாலிபத்தில் அவனும் அவன் அண்ணனும் ஒரே சலவை ஆலையில் வேலை பார்த்தார்கள். அங்கே இவன் சின்னவன், அண்ணன் பெரியவன். ஆலையை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் எந்த சோப்புக்கும் போகாத கறை மாதிரி அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்றைக்கு எப்படியும் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். முப்பத்து மூன்று வருஷமாக வயிற்றுக்குள் கிடக்கிற சேதி. அண்ணனின் இடது கை போனதற்குக் காரணம் அண்ணன் இல்லை, தான்தான் என்பது அந்தச் சேதி.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில்தான் அது தொண்டை வரைக்கும் ஏறியது. அண்ணன் மகளுக்குக் கண்ணாடிப் பாட்டில் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பெரியவன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இடது கையை மேசைமேல் எடுத்து வைத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் மூன்று விரல் இருந்த இடம் மெழுகு ஊற்றின மாதிரி பளபளவென்று இருக்கும்.

“நல்லாப் பாத்துக்கம்மா. இது மிஷின் தின்ன கை இல்ல, என் திமிரு தின்ன கை. ஓடுற மிஷின் பக்கத்துல பாட்டுப்பொட்டிய வெச்சு, அத நோண்டி, ஆட்டம் போட்டேன். முதலாளி மேல குத்தமில்ல, ஆண்டவன் மேலயும் குத்தமில்ல. நீ என்னை மாதிரி இருந்துடாத.”

“இந்தக் கதைய நான் தொட்டில்ல கிடக்கும்போதே கேட்டு முடிச்சாச்சுப்பா,” என்று மகள் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். சின்னவன் மட்டும் வாயில் போட்ட கவளத்தோடு தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு அந்தப் பெண் வேலைக்குப் போகிறாள். ஒரு பொய்யைப் பாடம் என்று எண்ணிக் கையோடு கொண்டுபோகப் போகிறாள். அதுதான் அவனை இந்தப் படிகளில் ஏற்றியது.

அந்த ஆலைக்குச் சுற்றுவட்டாரத்து விடுதித் துணியெல்லாம் வரும். போர்வை, தலையணை உறை, துண்டு, மேசை விரிப்பு. மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பிரித்து, துவைத்து, பிழிந்து, கடைசியில் உருளைக்கு அனுப்புவார்கள். உருளை என்றால் ஒரு பேருந்தின் அகலத்துக்குப் படுத்துக்கிடக்கிற இரும்பு. உள்ளே நீராவி. தொட்டால் தோல் அதனிடமே தங்கிவிடும். ஈரப் போர்வையின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, ஓர் உதறு உதறி, விளிம்பை உருளை வாயில் வைத்தால் அது இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கமெல்லாம் போய் வெளியே வரும். இந்தப் பக்கம் ஊட்டிவிடுகிறவர்கள் அண்ணனும் தம்பியும். இடது முனை பெரியவனுக்கு, வலது முனை சின்னவனுக்கு. ஒரு ஷிஃப்டில் எண்ணூறு போர்வை.

உருளை வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை பட்டால் மிஷின் நின்றுவிடும். ஆனால் போர்வை பட்டாலும் நின்றுவிடும், வேலை கெடும் என்று சூப்பர்வைசர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டிவைத்திருந்தார். அந்த இரைச்சலில் கத்திக் கத்தித் தொண்டை போனதால் அவர் எதற்கும் விசில்தான் ஊதுவார். அதனால் அவர் பெயரே விசில்.

பாய்லர் பார்க்கிறவரிடம் ஒரு பழைய கேசட் பெட்டி இருந்தது. அதில் சினிமாப் பாட்டு ஓடும். ஓடும் என்பது நம்பிக்கைதான். கிணற்றுக்குள் கொசு பாடுகிற மாதிரி வாத்தியம் போய், வார்த்தை போய், பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். “பாட்டு நல்லாருக்கா?” என்று பாய்லர்காரர் கேட்டால், “வெளிச்சம் நல்லாருக்கு,” என்பான் பெரியவன்.

ஒருநாள் ஒரு தலையணை உறையை உதறும்போது உள்ளேயிருந்து ஒரு கேசட் விழுந்தது. மூட்டையில் கிடைத்ததை விசிலிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். பல் செட்டு, மோதிரம், ஒரு தடவை உயிரோடு ஓர் ஆமைக்குட்டி என்று எல்லாம் ஒப்படைத்திருக்கிறார்கள். இந்தக் கேசட்டின் மேல் பெயரும் இல்லை, படமும் இல்லை. பெரியவன் அதை இடுப்பில் செருகிக்கொண்டான்.

“அண்ணே, ஒப்படைக்கணும்.”

“ஆமை வந்தா ஒப்படைப்போம்டா.”

அன்று மத்தியானம் பாய்லர்காரரின் பெட்டியில் அதைப் போட்டார்கள். முதலில் வந்தது பாட்டே இல்லை. பேரிங் உடைந்து இரும்பும் இரும்பும் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். பிழிகிற மிஷினில் நின்றவர் துள்ளிக் குதித்து சுவிட்சை அணைத்தார். விசில் குறுக்கே ஓடிவந்து, “எவன்டா பேரிங்குக்கு எண்ணெய் விடாதவன்?” என்று போன தொண்டையால் கரகரத்தார். ஒவ்வொரு மிஷினாக நின்றது. எல்லாம் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் ஆலை மொத்தமும் திரும்பி அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தது. சரியாக அந்த நேரம் பார்த்து டிரம் விழுந்தது. நெஞ்சுக்கூட்டில் யாரோ உள்ளேயிருந்து உதைக்கிற மாதிரி விழுந்தது. பிறகு ஒரு குரல். ஜலதோஷம் பிடித்த காளை பாடினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல்.

“ஐயோ பாவம், அந்த ஆளுக்கு யாராவது வெந்நீர் குடுங்கப்பா,” என்றார் பாய்லர்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவன் சிரிக்கவில்லை. அவன் கையில் முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. சின்னவனுக்கு முதலில் பயம் வந்தது, பிறகு அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. இத்தனை நாளும் அந்த இரைச்சலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் அதுதான் சுற்றும். இங்கே ஒருவன் அதே இரைச்சலை வாயில் அள்ளிப் போட்டு, மென்று, பாட்டாகத் துப்புகிறான். பயப்படாமல் துப்புகிறான்.

“டேய்,” என்றான் பெரியவன். “இது நம்ம மிஷின்டா. நம்ம மிஷின யாரோ பாட வெச்சிட்டாங்கடா.”

அதற்கு ராக் என்று பெயர் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆலையில் அது பேரிங் பாட்டு. மிஷின்களை மறுபடி ஓட விட்டார்கள். சினிமாப் பாட்டெல்லாம் மூழ்கிப்போகிற அந்த இரைச்சலில் இது மட்டும் தலை தூக்கி நின்றது. “அணைங்கடா அந்தச் சனியன,” என்று விசில் சொன்னது உண்மைதான். ஆனால் அண்ணனும் தம்பியும் தங்களுக்கே தெரியாமல் அந்த டிரம்முக்குக் கை போட ஆரம்பித்திருந்தார்கள். ஒன்று, முனையைப் பிடி. இரண்டு, உதறு. மூன்று, வை. நான்கு, விடு. உருளை இழுக்கிற வேகமும் டிரம் அடிக்கிற வேகமும் பேசிவைத்த மாதிரி பொருந்தின. சாயங்காலம் அந்தப் பக்கம் குவிந்த போர்வையைப் பார்த்த விசில், விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சனியன் பாடட்டும்,” என்றார்.

ஒரு வருஷம் பாடியது. பாட்டில் ஒரு வார்த்தையும் அவர்களுக்குப் புரியாது. பெரியவன் தன் இஷ்டத்துக்கு வார்த்தை போட்டுப் பாடுவான்: போர்வையைத் திட்டுவான், விசிலைத் திட்டுவான், வீட்டுக்காரரைத் திட்டுவான், எல்லாத் திட்டும் தாளத்தில் உட்காரும். பாடுகிறவருக்கு ‘தலைவர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். அவருக்குத் தொந்தி உண்டு, மீசை உண்டு, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போயிருக்கிறாள், போதாததற்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள்.

பெரியவன் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கிட்டார் கொண்டுவந்தான். இரண்டு கம்பி இல்லை. “ஆறும் இருந்தா எனக்குக் குழப்பமாயிடும்,” என்றான். வேலை விட்டு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து இடது கை விரலால் கம்பியை அழுத்தி அழுத்தி, அந்தப் பாட்டின் முதல் உறுமலைத் தேடுவான். விரல்நுனி காய்த்துப்போனது. பெண் பிள்ளை வளையல் காட்டுகிற மாதிரி அந்தக் காய்ப்பை எல்லோரிடமும் நீட்டுவான், “தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இல்ல?” நாலு மாசம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் அந்த உறுமல் விரலில் வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் கழியால் கூரையைத் தட்டினார். பெரியவன் அதையும் தாளமாக எடுத்துக்கொண்டு வாசித்தான். சின்னவன் தன் அண்ணனை அவ்வளவு அழகாக அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பெட்டிக்குள் கேசட்டைச் சுற்ற வைக்கிற ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. பாய்லர் சூட்டில் அது என்றைக்கோ தளர்ந்துவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் ஒரு வருஷமாகக் கேட்டதே இழுத்து இழுத்து மெதுவாக ஓடின பாட்டு. அந்த மெதுவுக்குத்தான் கை பழகியிருந்தது. கடைசி வாரத்தில் பெல்ட் இன்னும் தளர்ந்து, தலைவர் தள்ளாட ஆரம்பித்தார். “தலைவருக்கு உடம்புக்கு முடியலடா,” என்று பெரியவன் வாடிப்போனான். ஷிஃப்ட் முடிந்ததும் பாய்லர்காரரிடம் கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி, பெட்டியின் உள்பக்கத்தைக் குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி துடைத்துவைத்தான்.

சின்னவன் ரிப்பேர் கடையில் விசாரித்தான். “பெல்ட்டு தொளதொளன்னு ஆகியிருக்கும். புதுசு போடு, குதிரை மாதிரி ஓடும்,” என்றான் கடைக்காரன். மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் போய், நாலு திருகாணியைக் கழற்றி, புது பெல்ட்டை மாட்டினான். அண்ணனை அசத்த வேண்டும். அவன் மனசில் வேறொன்றும் இல்லை.

ஷிஃப்ட் தொடங்கியது. பெரியவன் பொத்தானை அமுக்கினான்.

பாடியது ஒரு பெண்.

பாய்லர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பொம்பளப் புள்ளையா! ஒரு வருஷமா மீசைக்காரர்னுல்ல நான் மரியாதை குடுத்திட்டிருந்தேன்!”

பெரியவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பாத்தியாடா நான் துடைச்சதோட மகிமைய! தலைவரத் துடைச்சேன், தலைவி வந்துட்டா!”

நான்தான் பெல்ட் மாற்றினேன் என்று சொல்ல சின்னவனுக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அண்ணன் அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தான். டீ நேரம் வரைக்கும் பெருமை அவனுக்கே இருக்கட்டும், அப்புறம் எல்லோர் முன்னாலும் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்று வைத்துக்கொண்டான்.

வேகம் கூடியதில் குரல் மெலிந்த மாதிரியே டிரம்மும் இப்போது ஓடியது. பிடி, உதறு, வை, விடு. இருவர் கையும் அதன் பின்னாலேயே ஓடியது. உருளை தன் பழைய வேகத்தில்தான் இழுத்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. முன்னால் போன போர்வையின் வால் உள்ளே போவதற்குள் அடுத்த போர்வையின் தலையை வைத்தார்கள். நாலாவது போர்வை வாயிலேயே சுருண்டு மூட்டையாகத் திரண்டது. பெரியவன் சிரித்துக்கொண்டே அதை இழுத்துவிட இடது கையை நீட்டினான். தடுப்புக் கம்பி தலைக்கு மேலே கட்டிவைத்தபடி சும்மா இருந்தது.

விசில் அன்றைக்குத்தான் விசிலை மறந்து வாயால் கத்தினார். மிஷின்களை அணைத்தார்கள். பெட்டியை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் கேசட் தீரும் வரை பாடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எந்தக் கடையில், எந்த வண்டியில் அந்த மாதிரிப் பாட்டு கேட்டாலும் சின்னவன் குடிக்கிற டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்துவிடுவான்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த பெரியவன், “வாடா சின்னவனே. நீ படிய ஏறுனியா, படி உன்ன ஏறுச்சா?” என்றான்.

அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். மகள் நாளைக்குப் போடவேண்டிய சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “சித்தப்பா, டீ போடுறேன். பால் இல்ல, கீழ போய் வாங்கிட்டு வந்துடுறேன்,” என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் செருப்புச் சத்தம் தேய்கிற வரைக்கும் சின்னவன் நின்றுகொண்டே இருந்தான்.

“அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“என்னடா, அம்பத்திரண்டு வயசுல பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?”

“பாய்லர்காரர் பொட்டில பெல்ட்ட மாத்தினது நான்.”

பெரியவனுக்கு உடனே பிடிபடவில்லை. சின்னவன் எல்லாவற்றையும் சொன்னான். ரிப்பேர் கடை, நாலு திருகாணி, டீ நேரத்துக்கு என்று வைத்திருந்த வேடிக்கை. “நீ துடைச்சதால ஒண்ணும் ஆகலண்ணே. வேகம் வந்தது என்னால.”

பெரியவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று சின்னவன் பயந்தான். சிரிப்பு.

“அட நாயே! நீயா? முப்பது வருஷத்துக்கு மேல நான் அன்னிக்குத் துடைச்சத நினைச்சு என்னையே திட்டிட்டிருக்கேன், நீயாடா பண்ணின?”

சின்னவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அண்ணன் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்த வழியிலேயே நின்றுபோயிருந்தது.

“இரு,” என்றான் பெரியவன். “மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்கு விசில் ஒரு பேப்பர் எடுத்துட்டு வந்தாரு.”

“ஆமா.”

“என் கவனக்குறைவால்னு எழுதியிருந்துது. கம்பியத் தூக்கிக் கட்டினதப் பத்தி ஒரு வரி இல்ல. பாய்லர்காரர் என் காதுகிட்ட வந்து சொன்னாரு, கையெழுத்துப் போடாதடா, அந்தக் கம்பியக் காட்டி நியாயம் கேளுடான்னு. நான் என்ன சொன்னேன்?”

சின்னவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“சொல்லுடா. நான் என்ன சொன்னேன்?”

“பொட்டிய நோண்டினது நான், இதுல அடுத்தவன் மேல பழி போட மாட்டேன்னு சொன்ன.”

“பெரிய யோக்கியன் மாதிரி சொன்னேன். ஒரு கையில கட்டு. பேப்பர் நழுவி நழுவிப் போச்சு. யாரு அத அமுக்கிப் பிடிச்சது?”

“நான்.”

“ரெண்டு கையாலயும் பிடிச்ச. எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. தம்பி எவ்ளோ பதவிசாப் பிடிக்கிறான்னு அப்ப நினைச்சேன்.” பெரியவன் குரலை உயர்த்தவே இல்லை. “பெல்ட்டுக்கு நான் உன்ன ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆசைல பண்ணின. நானா இருந்தாலும் பண்ணியிருப்பேன். ஆனா அந்தப் பேப்பரப் பிடிச்சியேடா.”

“பயந்துட்டேன்ணே.”

“எதுக்கு? நான் அடிச்சிடுவேன்னா? எந்தக் கையால?”

சின்னவன் தரையைப் பார்த்தான். இஸ்திரி மேசைக்குக் கீழே ஒரு பொத்தான் கிடந்தது. அதைக் குனிந்து எடுத்தால்கூட தப்பாகிவிடும் போலிருந்தது.

“என் தப்புன்னு இருந்த வரைக்கும் எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாது,” என்றான் பெரியவன். “விசில வழியில பாத்தா வணக்கம் சொல்லியிருக்கேன். படுத்தா தூங்கிடுவேன். கை போச்சே தவிர மனசுல ஒரு அழுக்கு இல்லடா எனக்கு. இப்ப நான் யாரப் போய்க் கேக்கறது? ஆலை இல்ல, விசிலு செத்தாச்சு. நீ மட்டும்தான் பாக்கி.”

“உள்ளயே வெச்சிருக்க முடியலண்ணே. பாப்பாகிட்ட நீ உன்னையே குத்தம் சொல்லும்போது என்னால தாங்க முடியல.”

“உன்னால தாங்க முடியல. கொண்டாந்து என்கிட்ட இறக்கிட்ட.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் பாலோடு உள்ளே வந்தாள். “சித்தப்பா, உங்களுக்குச் சர்க்கரை கம்மியாத்தானே?”

“சித்தப்பா கிளம்புறார்மா,” என்றான் பெரியவன்.

தம்பியைப் பற்றி மகளிடம் பேசும்போது அவன் இதுவரை ‘வரான்’, ‘போறான்’ என்றுதான் சொல்லியிருக்கிறான். அந்த மரியாதையைக் கேட்டதும் சின்னவனின் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது.

“இப்பதானேப்பா வந்தாரு? இன்னும் உக்காரக்கூட இல்ல.”

“வேலை இருக்காம்.”

சின்னவன் செருப்பை மாட்டினான். ஒன்று உடனே மாட்டியது, இன்னொன்று மாட்டவில்லை. மாட்டிக்கொண்டு நிமிர்ந்து, “போயிட்டு வரேன்ணே,” என்றான்.

பெரியவன் மகளின் சீருடைக் காலரை ஒரு கையால் நீவிக்கொண்டிருந்தான். “சரி,” என்றான். ‘வா’ என்று ஒரு சொல் பாக்கி இருந்தது. சின்னவன் அதற்காக வாசலில் நின்றான். பால் பையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாத்துப் போங்க சித்தப்பா,” என்றாள் கடைசியில், அப்பாவுக்கும் சேர்த்து.

ஒரு மாடி இறங்கித் திரும்பும்போது மேலே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. “பட்டப்பகல்ல எதுக்குப்பா தாழ் போடுறீங்க?” என்று அவள் கேட்டதும் கேட்டது. அண்ணன் என்ன சொல்கிறான் என்று சின்னவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை.